ஹாஜறா கேட்ட வீடு

கல்முனைக்குடியில் பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால் முதலில் எழும் கேள்வி வீடு. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் அதே வளவின் பின்பக்கத்தில், குசினி என்கிற சமையலறையோடு ஒட்டிய ஓர் அறைக்கு ஒதுங்கிக்கொள்வாள். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பக்கத்தில் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் தமிழ்ச் சனங்களிடம் இருப்பதும் இதே வழக்கம்தான். எத்தனை விதமாகப் பிரிந்து கிடந்தாலும் இந்த ஒன்றில் எங்கள் கரையோரம் முழுவதும் ஒரே மாதிரி. ஹாஜறாவைப் பற்றிச் சொல்வதற்கு முன் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவர் தன் கடைசி வருடங்களை இதற்காகவே கொடுத்தார். தனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே பேரப்பிள்ளையையும் இதனால்தான் இழந்தார்.

அவர் கரைவலை இழுக்கிறவர் ஒருவரின் மகள். வாப்பாவுக்கு நெஞ்சு நோய் வந்து கடற்கரைக்குப் போக முடியாமல் ஆனதும், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சம்மாந்துறைப் பாதையில் இருந்த ஒரு நெல் மில்லுக்கு வேலைக்குப் போனார். எழுபதுகளின் தொடக்கம் அது. நாடெங்கும் அரிசிக்குத் தட்டுப்பாடு. கரையிலிருந்து முஸ்லிம் பெண்கள் பஸ்ஸில் வருவார்கள். வீரமுனையிலிருந்து தமிழ்ப் பெண்கள் வரம்பு வழியாக நடந்து வருவார்கள். அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பி, வெயிலில் நின்று காலால் கிளறிக் கிளறிக் காயவைப்பதுதான் வேலை. களத்தில் நிழலுக்கு ஒரு கொட்டில்கூட இல்லை. மத்தியானம் இரண்டு கூட்டமும் மதிலின் நிழலில் தனித்தனியாகக் குந்திச் சாப்பிடும்.

ஒரு நாள் மீனாம்பிகை என்ற வீரமுனைப் பெண்ணின் காலில், நெல் அவிக்கும் பீப்பாவிலிருந்து கொதிதண்ணீர் கொட்டியது. முழங்கால் வரை தோல் உரிந்துவிட்டது. மில் முதலாளி அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். வேலைக்கு இனி வர வேண்டாம் என்றும் சொன்னார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வடக்கே வானம் கறுத்து வந்தது. களம் முழுவதும் நெல் பரந்து கிடந்தது. முதலாளி அவசரமாக நெல்லைக் கூட்டி அள்ளச் சொன்னபோது ஹாஜறா கையிலிருந்த தும்புத்தடியைக் கீழே போட்டுவிட்டு நெல்லின் நடுவே உட்கார்ந்தார். அவருக்கு அப்போது இருபது வயது இருக்கும்.

“முதலாளி, மழை வருது,” என்றார். “நாங்க இரிக்கம்.”

முதலில் கரைப் பெண்கள் உட்கார்ந்தார்கள். பிறகு வீரமுனைப் பெண்களும் வந்து அவர்களோடு உட்கார்ந்தார்கள். முதல் துளி விழுவதற்குள் முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மீனாம்பிகைக்கு வைத்தியம், நிழலுக்குக் கொட்டில், குடிதண்ணீர். ஒரு போகத்துக்குப் பிறகு அவர் அதையெல்லாம் மறுக்கப் பார்த்தார். அதற்குள் பெண்கள் ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள். மீனாம்பிகை அன்றிலிருந்து ஹாஜறாவை, முஸ்லிம் பெண்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, ராத்தா என்று கூப்பிடத் தொடங்கினாள். கால் ஆறிய தழும்பு கடைசி வரை மறையவில்லை.

கல்முனை பஸாரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இடதுசாரிக் கட்சியின் காரியாலயம் இருந்தது. மில் சங்கம் அதோடு சேர்ந்தது. முக்காடு போட்டபடி மே தின மேடையில் ஏறிப் பேசிய எங்கள் ஊரின் முதல் பெண் ஹாஜறாதான். குரல் உரத்தது இல்லை. பெரிய சொற்களும் தெரியாது. ஆனால் பக்கத்தில் இருக்கிற ஆளோடு கதைப்பது மாதிரி ஆயிரம் பேரோடு கதைப்பார். வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு மீன் அரிந்துகொண்டே சங்கம் கதைப்பார். வயல் கூலிகளின் பிரச்சினை, வாய்க்கால் தண்ணீர்ப் பிரச்சினை என்று பிறகு எல்லாவற்றுக்கும் அவரைத் தேடி வந்தார்கள். கட்சி பின்னாளில் இரண்டாக உடைந்தது, மூன்றாக உடைந்தது. அவர் எந்தத் துண்டோடு இருக்கிறார் என்று கேட்டால் களத்தில் இருக்கிற ஆக்களோடு என்று சொல்வார்.

அவரைக் கட்டிய நளீர் கடல் தொழில் செய்கிற மனிதர். அதிகம் பேசமாட்டார். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மார் ஒரு தடவை நளீரைக் கூப்பிட்டு, மனைவி ஊர் ஊராகத் திரிவதை அடக்கி வைக்கும்படி சொன்னார்களாம். நளீர், “நான் அவட ஊட்டுலதான் இரிக்கன். அவவ நான் எப்பிடி அடக்குற?” என்று கேட்டாராம். சபையில் சிரித்துவிட்டார்கள். விஷயம் அதோடு முடிந்தது. அவர்களுக்குப் பிறந்தது ஒரே பிள்ளை, றஸ்னா.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு வந்தது. அந்த வருடத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் விரிவாகப் பேசுவதில்லை. வயலுக்குப் போன முஸ்லிம்கள் திரும்பி வரவில்லை. அவர்களில் ஹாஜறாவின் நானாவும், அவருடைய மூத்த அண்ணன், ஒருவர். வீரமுனை எரிந்தது. கோயிலில் ஒதுங்கியிருந்தவர்களிலிருந்து ஆண்களைக் கொண்டு போனார்கள். மீனாம்பிகையின் புருஷனும் அப்படிப் போனவர்தான். அவள் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு அகதி முகாம், உறவினர் வீடு என்று அலைந்து கடைசியில் பாண்டிருப்பில் தன் அக்காவின் வளவுக்கு வந்து சேர்ந்தாள். பாண்டிருப்பும் கல்முனைக்குடியும் ஒரே பாதையில் கிடக்கிற ஊர்கள். நடந்தே போய்விடலாம். இருந்தும் அந்த இரண்டு பெண்களும் பன்னிரண்டு வருடம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. போகப் பயம். போனால் தங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிது. சங்கம் செத்துப்போனது. மேல்மாடிக் காரியாலயத்தில் யாரோ துணி தைக்கும் கடை போட்டார்கள்.

சமாதான காலத்தில், இரண்டாயிரத்து இரண்டில், மீனாம்பிகை கல்முனைச் சந்தைக்கு வந்தாள். மரக்கறிக் கடைக்கு முன்னால் ஹாஜறாவைக் கண்டாள். நானாவைப் பற்றி மீனாம்பிகை கேட்டாள். புருஷனைப் பற்றி ஹாஜறா கேட்டார். பிறகு இரண்டு பேருமாக மரக்கறி வாங்கினார்கள்.

சுனாமி வந்த காலை ஹாஜறா சம்மாந்துறையில் இருந்தார். வயல் கூலிகளின் கூட்டம் ஒன்றுக்கு விடியவே புறப்பட்டுப் போயிருந்தார். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று யாரோ சொன்னபோது கூட்டத்தில் இருந்தவர்கள் நம்பவில்லை. அவர் ஒரு லொறியில் ஏறிக் காரைதீவுச் சந்தி வரை வந்து, அங்கிருந்து சேற்றில் நடந்தார். கடற்கரை வீதியில் வீடுகள் இருந்த இடம் எது, வீதி எது என்று தெரியவில்லை. தன் வளவை அவர் கிணற்றைக் கொண்டுதான் அடையாளம் கண்டார்.

நளீர் கரையில் வலையோடு நின்றவர். அவருடைய ஜனாஸா கிடைக்கவே இல்லை. றஸ்னாவை அடுத்த நாள் பாதைக்கு அப்பால் முறிந்த தென்னைகளுக்குள்ளே கண்டெடுத்தார்கள். றஸ்னாவின் புருஷன் அப்துல் ஹமீட் உயிர் தப்பியிருந்தார். அவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த மேசன், நல்ல கைத்தொழில்காரர். ஹாஜறா மகளுக்குக் கொடுத்த வீட்டைக் கல்யாணத்துக்கு முன்பே வந்து கல் அடுக்கிக் கட்டியவர் அவர்தான். தண்ணீர் வந்தபோது ஒரு மதிலைப் பிடித்துத் தொங்கி மகள் பரீனாவைக் காப்பாற்றியிருந்தார். பரீனாவுக்கு அப்போது ஐந்து வயது. அவள் உம்மாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போவோம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனங்களெல்லாம் பள்ளிக்கூடங்களில் ஒதுங்கியிருந்தார்கள். றஸ்னாவை மையவாடியில் அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பிய அதே நாள் ஹாஜறா சமையலுக்கு ஆள் சேர்க்கத் தொடங்கினார். அவர் அழுததை அந்த நாட்களில் யாரும் பார்க்கவில்லை. சிலர் அதைக் கல்நெஞ்சு என்றார்கள். பாண்டிருப்பு முகாமில் அரிசி இல்லை என்று கேள்விப்பட்டு, தங்கள் முகாமுக்கு வந்த அரிசியில் பாதியை ஒரு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு அவரே போனார். அங்கே மீனாம்பிகை உயிரோடிருந்தாள். அவளுடைய மகள் சுஜித்தாவும் இருந்தாள், தொண்ணூறில் கைக்குழந்தையாக இருந்தவள், இப்போது உயரமாக வளர்ந்திருந்தாள். மீனாம்பிகையைக் கண்ட இடத்தில்தான் ஹாஜறா முதன்முதலாக உட்கார்ந்து அழுதாராம்.

வீட்டுப் பிரச்சினை அடுத்த வருடம் தொடங்கியது. கடலை ஒட்டிப் பழைய வளவுகளில் கட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. உள்ளே தள்ளி, வயலை நிரப்பி, ஒரு வெளிநாட்டு நிறுவனம் புது வீடுகள் கட்டத் தொடங்கியது. வீட்டுக்கு உரிமையாளர் என்று எழுதப்பட்டது குடும்பத் தலைவரின் பெயர். குடும்பத் தலைவர் என்றால் புருஷன். கொழும்பிலிருந்தோ வேறு எங்கிருந்தோ வந்தவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் தன் பெயரில் வீடு வைத்திருப்பது அதுவரை அபூர்வம். கடல் கொண்டு போனதெல்லாம் பெண்களின் வீடுகள். திரும்பி வருவதெல்லாம் ஆண்களின் வீடுகள்.

ஹாஜறாவுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. அவர் மகளின் வளவில், குசினி அறையில் இருந்தவர். அதனால் அவரை ஒரு தனிக் குடும்பமாகக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த வளவுக்கு ஒரு வீடு. அது மருமகன் அப்துல் ஹமீட்டின் பெயருக்கு. ஹாஜறா தன் தங்கையின் வீட்டு விறாந்தையில் பாய் போட்டுக்கொண்டார்.

அவரும் மீனாம்பிகையும் மறுபடியும் ஊர் ஊராகப் போகத் தொடங்கினார்கள். கல்முனைக்குடி, பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் வரை. முஸ்லிம் பெண்களோடு ஹாஜறா கதைத்தார். தமிழ்ப் பெண்களோடு மீனாம்பிகை கதைத்தாள். பிறகு இடம் மாறிக் கதைத்தார்கள். கடற்கரை வீட்டுப் பெண்கள் சபை என்று ஒன்று உருவானது. அந்தக் காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பாயில் உட்கார்ந்த கூட்டம் எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பு முதலில் வந்தது அவருடைய சொந்தக் கட்சிக்காரரிடமிருந்து. பழைய தோழர் ஒருவர் வந்து, சீதன வீடு என்பது நிலப்பிரபுத்துவத்தின் மிச்சம், அதற்காக இடதுசாரிகள் போராடுவது எவ்வளவு பெரிய பிழை என்று நீளமாக விளக்கினார். ஹாஜறா முழுவதையும் கேட்டார்.

“சீதனத்துக்கு எதிரா நானும் மேடையில கதைச்சிரிக்கன், தோழர்,” என்றார். “ஆனா புருஷன் கோவிச்சா வெளிய போ எண்டு சொல்ல ஏலாத ஒரே இடம் எங்கட பொண்டுகளுக்கு அந்த ஊடுதான். அதையும் எடுத்துப்போட்டு என்னத்த ஒழிக்கிற?”

தோழர் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்துல் ஹமீட் அந்த வருடமே அக்கரைப்பற்றில் இரண்டாம் தாரம் கட்டினார். யாரும் குறை சொல்லவில்லை. தாயில்லாத பிள்ளை, தனி மனிதர். மனைவியை இழந்த ஆண்கள் அப்போது நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். ஹாஜறாவும் கல்யாணத்துக்குப் போய் வந்தார். புதுப் பெண்ணின் கையில் பரீனாவின் உடுப்புகளை மடித்துக் கொடுத்தார். புது வீட்டின் திறப்புச் சாவி ஹமீட்டிடம் வந்தபோதுதான் சிக்கல் வந்தது. இனி அந்த வீடு அவருடையது. அவருக்கும் இரண்டாம் தாரத்துக்கும் பிறக்கும் மகளுக்கு அது போகலாம். றஸ்னாவின் வீடு றஸ்னாவின் மகளுக்கு இல்லாமல் போய்விடும்.

அம்பாறைக் கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயத்திலிருந்து ஓர் அதிகாரியும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆளும் சபையின் கூட்டம் ஒன்றுக்கு வர ஒத்துக்கொண்டார்கள். தற்காலிகக் கொட்டில்களுக்கு நடுவே தகரப் பந்தலின் கீழே கூட்டம். ஆண்கள் பின்னால் நின்றார்கள். பெண்கள் ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் தாய் தந்த வீட்டைப் பற்றிச் சொன்னார்கள். அப்போது ஒரு பெண், எல்லாருடைய கதையையும் சொல்லச் சொல்கிற ஹாஜறா தன் மகளின் கதையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். கேட்டவளுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பின்னால் ஹமீட் நிற்பதை அவள் கண்டிருக்கவும் மாட்டாள். ஹாஜறா கண்டிருந்தார்.

அவர் எழும்பினார். தன் உம்மா தனக்குத் தந்த வளவு, அதில் தான் றஸ்னாவுக்குக் கொடுத்த வீடு, இப்போது அது எழுதப்பட்டிருக்கும் பெயர் எல்லாவற்றையும் சொன்னார். மருமகனைப் பற்றி ஒரு தப்பான சொல்லும் சொல்லவில்லை. அது பரீனாவின் பெயருக்கு எழுதப்பட வேண்டும், தனக்கு அதில் ஒன்றும் வேண்டாம் என்று முடித்தார். அதிகாரி குறித்துக்கொண்டார். பின்னால் நின்ற ஆண்கள் ஹமீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் அவர் மாமியாரைத் தேடி வந்தார். பரீனாவும் கூட வந்திருந்தாள். முற்றத்தில் ஹாஜறாவின் தங்கை வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போனாள். ஹமீட் விறாந்தையில் உட்காரவில்லை, படியில் நின்றார்.

“நீங்க சொன்னது பொய் இல்ல, மாமி. அது றஸ்னாட ஊடுதான். கல்லு அடுக்கின எனக்குத் தெரியாதா?” என்றார். முற்றத்தில் விளையாடுகிற பரீனாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “உங்களுக்கு நான் ஒண்டு சொல்லல்ல. அண்டைக்கு ஒரு கையில புள்ள. மற்றக் கையில அவ. மதிலப் புடிக்க எனக்குக் கை இல்ல. என்ன விடுங்க, புள்ளையப் புடிங்க எண்டு அவதான் சொன்னா. நான் விட்டன்.”

ஹாஜறா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அதோட நான் இரிக்கன்,” என்றார் ஹமீட். “இப்ப சனத்துக்கு முன்னால அவட ஊட்டையும் புடுங்கினவன் ஆகிட்டன். அந்தப் பேர வாபஸ் வாங்குங்க, மாமி. ஊட்ட நான் என்ன செய்யிற எண்டு பிறகு பாப்பம். கூட்டத்தில சொன்னத மட்டும் எடுங்க.”

அவர் கேட்டது சின்ன விஷயம். ஹாஜறா சரி என்று சொல்லியிருந்தால் எங்கள் ஊரில் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். மகளுடைய கடைசிப் பேச்சை அப்போதுதான் அவர் முதன்முதலாகக் கேட்டிருந்தார். அவர் கீழே உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டுப் பேசினார்.

“நீ விட்டது சரி, மகன். நானாயிருந்தாலும் புள்ளையத்தான் புடிச்சிரிப்பன். ஆனா சொன்னத எடுக்க ஏலாது. எண்ட குடும்பம் எண்டு நான் ஒதுங்கினா அந்தப் பொண்டுகளுக்கு நான் என்ன மொகத்தோட கதைக்கிற?”

ஹமீட் பரீனாவைக் கூப்பிட்டார். அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு உம்மும்மாவுக்குக் கை காட்டினாள். அதற்குப் பிறகு அவளை அவர் கொண்டுவரவில்லை. ஹாஜறா பெருநாளைக்கு உடுப்பு வாங்கிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவையும் போனார். பரீனா பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது, தான் பஸ் சந்தியில் நின்று அவளைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டதாக மீனாம்பிகையிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். கூப்பிட்டால் பிள்ளைக்கு வீட்டில் ஏச்சு விழும் என்று நினைத்தாராம்.

சபை வென்றது. முழுமையாக இல்லை. அதற்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் மனைவியின் பெயரையும் சேர்த்து எழுத அந்த நிறுவனம் சம்மதித்தது. புருஷனை இழந்த பெண்களுக்கு அவரவர் பெயரிலேயே எழுதினார்கள். ஏற்கெனவே கையளிக்கப்பட்ட வீடுகளை மட்டும் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவற்றில் றஸ்னாவின் வீடும் ஒன்று. ஹாஜறா மற்றப் பெண்களின் வீடுகளுக்குப் பால் காய்ச்சுகிற நாளில் போய்ப் பாயில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்து நல்லாயிரிக்கு என்று சொல்லிவிட்டு வருவார்.

அதற்குள் இராணுவத்துக்கும் தமிழ் இயக்கத்துக்கும் சண்டை மறுபடியும் பிடித்துவிட்டது. ஒரு மாலை ரியூசனுக்குப் போன சுஜித்தா திரும்பி வரவில்லை. இயக்கத்தார் கூட்டிக்கொண்டு போனதாகக் கண்டவர்கள் சொன்னார்கள். வன்னியில் இருக்கிறாள் என்று சில மாதங்களுக்குப் பிறகு ஒரு வாய்ச்செய்தி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மீனாம்பிகை சபைக்கு வருவதை நிறுத்தினாள். ஹாஜறா போய் அவளோடு இருந்துவிட்டு வருவார்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். எங்கள் ஊரில் வெடி கொளுத்தினார்கள், வீதியில் நின்று பாற்சோறு கொடுத்தார்கள். கொளுத்தியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. வயலிலும் பள்ளிவாசலிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த சனம் அது. இனிப் பயமில்லாமல் வயலுக்குப் போகலாம் என்று சந்தோஷப்பட்டார்கள். ஹாஜறா அன்று காலை அந்த வீதியால் பாண்டிருப்பை நோக்கி நடந்து போனார். யாரோ ஒரு தட்டில் பாற்சோற்றை நீட்டினார்கள். வாங்காமல் போனார். பாண்டிருப்பில் கதவுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. மீனாம்பிகை உள்ளே தரையில் படுத்திருந்தாள்.

“அவள் உயிரோட இருப்பாளா, ராத்தா?” என்று கேட்டாள்.

ஹாஜறா தெரியாது என்று சொன்னார். போய்ப் பார்ப்போம் என்றார்.

வவுனியாவுக்கு அப்பால், முள்ளுக்கம்பிக்கு உள்ளே சனங்களை அடைத்து வைத்திருந்த முகாம்களுக்கு இரண்டு பேரும் போனார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்தப் பக்கத்தில் யாராவது நின்று கேட்டு, உள்ளே போய் விசாரித்து வந்து சொல்வார்கள். மீனாம்பிகை கூப்பிட்டுக் களைத்தால் ஹாஜறா கூப்பிடுவார். காவலுக்கு நின்ற ஆள் ஒருவன் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, முஸ்லிம் பெண்ணுக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். தங்கச்சியின் மகள் என்று அவர் சொன்னார். மூன்றாவது முகாமில் ஒரு பெண், தோளில் கட்டுப் போட்ட ஒரு பிள்ளையைக் கடைசி நாட்களில் கடற்கரைப் பக்கம் கண்டதாகச் சொன்னாள். பெயர் சுஜித்தாதானா என்று நிச்சயமாகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. பிறகு கண்டாயா என்று கேட்டபோது அவள் கம்பியை விட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பயணங்கள் ஊரில் தெரிய வந்தன. சபைப் பெண்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். ஆசியா உம்மா என்பவர் மட்டும் நேரில் வந்து சொன்னார். தன் பெயரில் வீடு கிடைத்த விதவைகளில் அவர் ஒருவர்.

“எண்ட தம்பிய வயலுக்குள்ள வெட்டினவங்க அவங்க,” என்றார். “நீங்க அவங்கட புள்ளையத் தேடிப் போறீங்க. எனக்கு ஏலாது, ராத்தா.”

“எண்ட நானாவையும்தான் வெட்டின,” என்றார் ஹாஜறா. “அந்தப் புள்ள தானாப் போகல்ல. இழுத்துட்டுப் போன. எனக்கு அவட உம்மாவத் தெரியும்.”

ஆசியா உம்மா அழுதுகொண்டே போய்விட்டார். சபை அதற்குப் பிறகு கூடவில்லை.

ஹாஜறாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டிருந்தது. அவர் அதை வெகுநாள் யாருக்கும் சொல்லவில்லை. தங்கையின் விறாந்தையில் படுத்த படுக்கையானபோது, கேள்விப்பட்டு அப்துல் ஹமீட் வந்தார், பரீனாவையும் கூட்டிக்கொண்டு. பரீனாவுக்குப் பன்னிரண்டு வயது ஆகியிருந்தது. முகம் றஸ்னாவுடையது. அவள் வெட்கப்பட்டுத் தள்ளி நின்றாள். ஹாஜறா அவளைக் கிட்டக் கூப்பிட்டு, என்ன வகுப்பு, என்ன பாடம் பிடிக்கும் என்றெல்லாம் கேட்டார். கணக்கு என்றாள். அவளுடைய மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டார்.

ஹமீட் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். “மாமி, பொருந்திக்கங்க,” என்று மன்னிப்புக் கேட்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“அண்டைக்கே பொருந்திட்டன், மகன். உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல,” என்றார் ஹாஜறா. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னார். “ஆனா ஊடு இவட.”

ஹமீட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பரீனாவுக்கு என்ன பேச்சு நடக்கிறது என்று விளங்கவில்லை. அந்த வீடு இன்றைக்கும் ஹமீட்டின் பெயரில்தான் இருக்கிறது. யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். பரீனாவுக்குக் கல்யாணம் நடந்தபோது ஹமீட் அக்கரைப்பற்றில் வேறு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். நல்ல வீடு என்றுதான் சொல்கிறார்கள். கல்முனைக்குடிக்கு அவள் வருவதில்லை.

ஹாஜறா மௌத்தானது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கினார்கள். கட்சியிலிருந்து ஒரே ஒருவர் வந்திருந்தார். ஜனாஸாவைச் சுமந்த சந்தூக்கு வீட்டிலிருந்து புறப்பட்ட நேரம் மீனாம்பிகை பாதைக்கு எதிர்ப்பக்கத்தில், மூடிய கடை ஒன்றின் முன்னால் நின்றாள். வீட்டுக்குள் வரலாமா, வந்தால் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று தெரியாமல் வெயிலில் நின்றாள். ஆண்கள் அவளைக் கடந்து போனார்கள். சிலருக்கு அவள் யார் என்று தெரியும். யாரும் நிற்கவில்லை.

கூட்டம் மையவாடிப் பக்கம் திரும்பிய பிறகு உள்ளேயிருந்து ஆசியா உம்மா வெளியே வந்தார். பாதையைக் கடந்து போய் மீனாம்பிகையின் முன்னால் நின்றார். இருவருக்கும் பழக்கம் உண்டு. ஒரே பாயில் இருந்து கூட்டம் கேட்டவர்கள்தான்.

“உள்ளுக்கு வாங்க,” என்றார்.

பெண்கள் இருந்த அறையில் இடம் விட்டார்கள். மீனாம்பிகை சுவரோரமாக உட்கார்ந்தாள். யாரும் அவளோடு கதைக்கவில்லை. ஆசியா உம்மா அவளுக்கு ஒரு கோப்பை தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஆண்கள் அடக்கிவிட்டுத் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் மீனாம்பிகை எழும்பி, பின்வளவால் இறங்கிப் பாண்டிருப்புக்கு நடந்து போனாள்.